மரக்கறிப் பந்தியும் புனே மாநகரும்

விருந்தோம்பல் தமிழர்தம் தலையாய பண்பு என்பதை யாவரும் அறிவர். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயின், வீட்டு வாயிலுக்கு வந்த விருந்தினரை வரவேற்று உண்பிப்பது ஒன்று. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு நாள்தோறும், வேளைதோறும், கட்டுபடியாகும் விலையில் சோறிடுவது மற்றொன்று. முன்னது இல்லறம்; பின்னது தொழில். அத்தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழகமும், பிழைப்பை நாடி வந்த நம்மை வாழவைத்த இப்புனே மாநகரும் பலமுறை கைகோத்துக் கொண்டன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று உலகின் பெரிய விடுதிகள் எல்லாம் மரக்கறி உணவின் பெருமையைப் பேசத் தொடங்கியுள்ளன. நிலத்தையும் நீரையும் காற்றையும் கெடுக்காமல் நெடுங்காலம் நிலைக்கத்தக்க உணவு அதுவே என்று அறிஞர்கள் கணக்கிட்டுச் சொல்லுகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் 1898-இல் தோன்றிய ஹில்ட்டில் என்னும் மரக்கறி உணவகம் இன்றளவும் நடைபெறுவதைப் பெரும் வியப்பாகக் குறிப்பிடுகின்றனர். நமக்கு இதில் வியப்பில்லை. ஆயினும், நம் மரக்கறிப் பந்தி எதனால் நிலைத்தது, எங்கே தளர்ந்தது என்பதை நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்த்ததுண்டா? பழம்பெருமை பேசுவது எளிது. அதன் காரணத்தை ஆராய்வதே பயன் தருவது.

அட்டிற்சாலை முதல் சத்திரம் வரை

பண்டைத் தமிழர் அனைவரும் மரக்கறி உண்டவர் எனக் கூறுவது உண்மைக்குப் பொருந்தாது. சங்கப் பாடல்களில் ஊனும் மீனும் நிறைய உண்டு. பாணரை வரவேற்ற வள்ளல்கள் புலால் உணவும் படைத்தனர். ஆனால், தனி ஒருவர் வீட்டு விருந்தை விட்டு, ஊர்ப் பொதுவான அறச்சாலைக்கு வரும்போது சோறே தலைமை பெறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடியதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பாடுகிறார். மணிமேகலையின் அமுதசுரபியில் சுரந்ததும் சோறே. பலர்க்குப் பசி தணிக்க வேண்டுமாயின் தானியமே துணை என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இவ்விடத்தில்தான் மராட்டியமும் தமிழகமும் சந்திக்கின்றன. புனேயில் இளமையைக் கழித்த சத்திரபதி சிவாஜியின் தந்தை சாகாஜிக்கு மற்றொரு மனைவியிடம் பிறந்த ஏகோஜி, 1676-இல் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். அவர் அரசி தீபாபாயின் ஆதரவைப் பெற்ற இரகுநாத பண்டிதர் 'போஜன குதூகலம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். தானியம், பருப்பு, காய், கனி, பால், மோர் ஆகியவற்றின் இயல்பை விரித்துரைக்கும் நூல் அது. மராட்டியத்திலிருந்து தஞ்சைக்கு வந்த அப்புலவரையும் அவர் நூலையும் ஆராய்ந்தவர் பரசுராம் கிருஷ்ண கோடே (1891–1961). நம் புனேயில் 1917-இல் தோன்றிய பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்தின் காப்பாளராக இருந்து, உணவின் வரலாற்றையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்தவர் அவர். தஞ்சை அடுப்பின் புகையைப் புனேயின் ஏடுகள் காத்து வைத்தன எனலாம்.

சாம்பாரும் சிவாஜியின் மைந்தர் சம்பாஜியின் பெயரால் தஞ்சையில் பிறந்தது என்றொரு கதை வழங்குகிறது. அதற்குச் சான்றான பழைய ஆவணம் இல்லை. கதை எவ்வாறாயினும், புளியும் பருப்பும் கலந்த குழம்பும், மராட்டியரின் ஆம்டியும் உடன்பிறப்புகள் என்பதை நம் நாக்கே சான்று கூறும்.

தஞ்சை மராட்டியரின் தலையாய கொடை சத்திரங்களே. இராமேசுவர யாத்திரைச் சாலையில் அவர்கள் பல சத்திரங்களைக் கட்டினர். இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) எழுப்பிய ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 1799-இல் உடன்படிக்கையால் ஆட்சியைக் கம்பெனியாரிடம் இழந்த அம்மன்னர், சத்திரங்களை மட்டும் விட்டுவிட மனம் இசைந்திலர். 1801-இல் கம்பெனியின் பிரதிநிதிக்கு அவர் எழுதிய கடிதம் படிப்போர் உள்ளத்தை உருக்குவது. அந்தணர் முதல் தீண்டாதவர் எனத் தள்ளப்பட்டோர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும் சோறு இடப்பட்டது. சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் பண்டங்களும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உளரேல் வருக என அழைக்கப்பட்டது. நோயுற்றோர்க்கு மருத்துவமும் பிள்ளைகட்குக் கல்வியும் அங்கே கிடைத்தன. சாதி வரிசை அறவே மறைந்த பந்தி அது என நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், கதவு யாவர்க்கும் திறந்திருந்தது. அதே மன்னரின் அரண்மனைச் சமையலை விளக்கும் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' புலால் உணவையும் கூறுகிறது என்பது கருதத்தக்கது. தம் அரண்மனையில் பலவகை உணவு. ஊர்ப் பந்தியில் சோறு. இது சமயக் கட்டளை மட்டும் அன்று. பொதுப் பந்தியின் கணக்கும் ஆகும்.

அதன் பின்னர் வடலூரில் 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. புலால் மறுத்த அப்பெரியார், உண்ண வந்தவரிடம் சாதியும் சமயமும் கேட்கவில்லை. மரக்கறி உணவு வேலியாகாமல் பாலமாக விளங்கியதற்கு வடலூரினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

பேஷ்வாக்களின் புனேயும் மாணவர்களின் புனேயும்

இனி நம் நகருக்கு வருவோம். பேஷ்வாக்கள் காலத்தில் ஆவணித் திங்களை ஒட்டிய சிராவண மாதத்தில், பர்வதி மலையடிவாரத்து ரமணா என்னும் வளாகத்தில் அந்தணர்க்குத் தட்சிணை வழங்கும் வழக்கம் இருந்தது. பெருந்தொகை செலவாயிற்று, நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வந்தனர். ஆயின் அக்கதவு ஒரு வகுப்பார்க்கு மட்டுமே திறந்தது. பேஷ்வா ஆட்சி 1818-இல் மறைந்தது; அவ்வழக்கமும் காலப்போக்கில் மறைந்தது.

ஆட்சி மறைந்தாலும் வேலி உடனே மறையவில்லை. 1890-இல் புனேயின் பஞ்ச் ஹவுத் கிறித்தவ நிலையத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தேநீர் வழங்கப்பட்டது. அங்கே சென்றிருந்தவர்களுள் திலகரும் ரானடேயும் இருந்தனர். ஒரு கோப்பைத் தேநீரின் பொருட்டு ஊரே இரண்டுபட்டது, சங்கராச்சாரியார் விசாரணைக்கு ஆணையிட்டார், பிராயச்சித்தம் பேசப்பட்டது. நாட்டின் விடுதலையைச் சிந்தித்த பெருமக்களுக்கே ஒரு மிடறு தேநீர் இத்துணை இடர் விளைத்ததெனின், எளியோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கங்காராம் காம்பிளே நடத்திய தேநீர்க் கடைக்குத் தாமே சென்று தேநீர் அருந்தியது பிற்காலத்துச் செய்தி. மன்னரே அருந்தினால்தான் மற்றவர் அருந்துவர் என்ற நிலை அன்று இருந்தது.

புனேயின் பந்தியை விரித்தவர்கள் மன்னர்கள் அல்லர், மாணவர்கள். 1885-இல் பெர்குசன் கல்லூரி தோன்றியது. சிற்றூர்களிலிருந்து ஏழை இளைஞர்கள் திரண்டு வந்தனர். அவர்கள் எங்கே உண்பது? 'வார்' என்னும் முறைப்படி ஞாயிறு ஒரு வீடு, திங்கள் ஒரு வீடு எனக் கிழமைக்கு ஒரு வீட்டில் உண்டனர். வேறு சிலர் தேனீ மலர்தோறும் சென்று தேன் திரட்டுவதுபோல் வீடுதோறும் சென்று 'மாதுகரி' பெற்றனர். 1909-இல் தொடங்கப்பட்ட அநாத வித்தியார்த்தி கிருகம் அத்தகைய மாணவர்க்குப் புகலிடமாயிற்று. கொடுத்தவர் மனம் பெரிது. ஆனால் பெற்றவர் நெஞ்சில் ஒரு கூச்சம் இருந்தே தீரும். அக்கூச்சத்தைப் போக்கியது 'கானாவள்' என்னும் உணவு விடுதி. மாதப் பணம் கட்டி, பலகையில் அமர்ந்து, உரிமையோடு மறுசோறு கேட்கலாம். கணவரை இழந்த மாதர் பலர் இத்தொழிலால் தம் குடும்பத்தைக் காத்தனர். இலட்சுமி சாலையில் மௌனப்பட இயக்குநர் நானாசாகேப் சர்போத்தார் 1935-இல் தொடங்கிய பூனா கெஸ்ட் ஹவுஸ் அம்மரபின் புகழ்பெற்ற சின்னம். சோறு, சப்பாத்தி, ஆம்டி, முளைகட்டிய பயற்றால் ஆன உசல், கோசிம்பீர், மோர் என்பதே அப்பந்தியின் வரிசை. எளிமையும் நிறைவும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன.

தென்னவர் கொணர்ந்த தோசைக்கல்

இந்நகருக்குத் தென்னாட்டவரைக் கொணர்ந்தவை இராணுவமும் அலுவலகங்களும் ஆகும். கிர்க்கியில் 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1928-இல் வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து புனேக்கு வந்தது. இராணுவக் கணக்கு அலுவலகங்கள் பெருகின. கோப்பும் கணக்கும் அறிந்த தமிழ் இளைஞர்கள் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினர். ராஸ்தா பேட்டையும் கிர்க்கியும் அவர்களின் இல்லமாயின. ரசத்திற்கும் மோருக்கும் ஏங்கிய அவர்களுக்குத் தென்னிந்திய மெஸ்கள் தாயாகி நின்றன.

அதே காலத்தில் உடுப்பிச் சமையலர்கள் நாடெங்கும் பரவினர். சென்னையில் எடுபிடி ஆளாகத் தொடங்கிய கடந்தலெ கிருஷ்ணராவ் 1938-இல் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். பம்பாய் மாதுங்காவில் 1942-இல் ராம நாயக் உணவு விடுதி கண்டார். புனேயிலோ, தென்கன்னடக் கார்க்களப் பகுதியிலிருந்து சிறுவயதிலேயே வேலை தேடிப் புறப்பட்ட ஜகந்நாத ஷெட்டி, பெர்குசன் கல்லூரிச் சாலையின் 'வைசாலி'யை ஒரு நிறுவனமாகவே வளர்த்தார். அவர் 2023-இல் மறைந்தார். அவ்விடுதியின் முதற்பெயர் 'மதராஸ் ஹெல்த் ஹோம்' என்பதை இன்றைய இளைஞர்கள் அறியார். துளு பேசும் முதலாளி, மதராஸ் என்ற பெயர், மராட்டிய மாணவர் கூட்டம்: பாரத நாட்டின் ஒருமைப்பாட்டை அந்த ஒரு தோசைக்கல்லே எடுத்துரைத்தது.

ஆனால் இங்கும் ஒரு கறையை மறைத்தல் தகாது. சென்னை ஓட்டல்களில் நெடுங்காலம் சாதிக்கொரு பகுதி இருந்தது. 'பிராமணாள்' என்ற சொல் பெயர்ப்பலகைகளில் நின்றது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளீஸ் கபே முன்பாகப் பெரியார் ஈ.வெ.இராமசாமியின் இயக்கத்தார் நாள்தோறும் மறியல் செய்தனர். மாதக்கணக்கில் நீண்ட அப்போராட்டத்தின் முடிவில் அச்சொல் நீக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறியதால் இட்டிலியின் சுவை குறைந்ததா? இல்லை. உண்ண வருவோர் தொகைதான் பெருகியது. மரக்கறி ஓட்டல் அனைவர்க்கும் உரியதான பிறகே அது தென்னாட்டின் பொதுச் சொத்தாயிற்று.

சிக்கனத்தின் இலக்கணம்

இவ்விடுதிகள் நிலைத்ததன் இரகசியத்தைச் சமையற்கட்டில் காணலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியும் மீனும் அன்றே விற்றாக வேண்டும், விற்காவிடில் நட்டம். அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் திங்கள் கணக்கில் கெடாமல் இருக்கும். மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து; இரவெல்லாம் புளித்தலாகிய வேலையைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூலியின்றிச் செய்கின்றன. அம்மாவு காலையில் இட்டிலி, மாலையில் தோசை, மறுநாள் சற்றே புளித்தால் ஊத்தப்பம். காய்கறித் தோலும் உண்ட இலையும் மாட்டுக்குத் தீனி. தமிழகத்தில் வாழையிலை, மராட்டியத்தில் புரச இலைகளைத் தைத்த பத்ராவளி. கழுவும் நீரும் மிச்சம், மண்ணுக்கும் உரம். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்ப்பதால், அடுத்த பயிருக்கு உரச் செலவும் குறைகிறது. 2016-ஐப் பயறு ஆண்டாகவும் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகவும் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததன் பொருள் இதுவே.

தட்டுப்பாடு வந்தபோது இப்பந்தி வளைந்து கொடுத்ததே அன்றி முறியவில்லை. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்டிலி வார்த்ததாகப் பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் நிறுவனத்தார் கூறுவர். மலேயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்ற அப்போர்க்காலத்தில்தான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. இன்று ஏகாதசியன்று புனே மக்கள் நோன்புக்காக உண்ணும் சாபுதானா கிச்சடியில் சேலத்து உழவரின் வியர்வை கலந்திருக்கிறது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு வேண்டியபோது, நாடெங்கும் பல விடுதிகள் திங்கட்கிழமை மாலையில் அடுப்பை அணைத்தன. மராட்டிய அரசு 1995-இல் ஒரு ரூபாய்க்கு ஜுண்கா பாக்கர் வழங்கியதும், தமிழக அரசு 2013-இல் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்டிலி வழங்கியதும், 2020-இல் மராட்டியத்தில் பத்து ரூபாய்க்குச் சிவ போஜனம் தொடங்கியதும் இதே கணக்கின்படிதான். ஏழைக்கு மலிவாக வயிறு நிரப்ப வேண்டுமெனில் அரசும் கடலைமாவையும் சோளத்தையும் பருப்பையுமே நாடுகிறது.

இன்றைய நிலையும் நம் கடமையும்

ஆயின், 'மரக்கறி' என்று பலகை மாட்டினால் மட்டும் போதுமா? எண்கள் சில காண்போம். உலகப் பைங்குடில் வளிகளில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பால் விளைவதாக ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. நெதர்லாந்து அறிஞர் ஹோக்ஸ்ட்ராவும் துணைவரும் செய்த உலகச் சராசரிக் கணக்கின்படி, ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு ஏறத்தாழ 8,763 லிட்டர் நீரும், பயறுக்கு 4,055 லிட்டரும், காய்கறிக்கு 322 லிட்டரும் தேவை. இதுவரை மரக்கறியாளர் மகிழலாம். ஆனால் அதே பட்டியலில் கோழி இறைச்சிக்கு 4,325 லிட்டர். வெண்ணெய்க்கோ 5,553 லிட்டர்! வெண்ணெயும் பனீரும் மிதக்கும் இன்றைய நட்சத்திர விடுதிக் குழம்பு, பெயரளவில் மரக்கறியே ஆயினும், கானாவள் பந்தியின் சிக்கனத்தை உடையதன்று.

அதனினும் பெருங்கேடு வீணாக்குதல். 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு 28 பங்கு உணவு விடுதிகளைச் சார்ந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் அறிவித்தது. பழைய விடுதியில் நான்கைந்து பண்டங்களே. அவை தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்றைய திருமண மண்டபங்களில் ஐம்பது பண்டங்கள். கடைசி விருந்தினர் வரும்வரை எல்லாத் தட்டும் நிறைந்திருக்க வேண்டும் என்னும் போட்டி. இலையில் எஞ்சும் இனிப்பு ஒன்றில் ஒரு கரும்புத் தோட்டத்தின் நீர் கொட்டப்படுகிறது என்று எவர் எண்ணுகிறார்?

மற்றொன்றும் கூறவேண்டும். மரக்கறி உண்பவன் உயர்ந்தோன், மீன் உண்பவன் தாழ்ந்தோன் என்னும் எண்ணம் எந்த விடுதியின் வாயிலிலும் நிற்கலாகாது. ரமணாவின் கதவு மூடியது. வடலூரின் அடுப்பு எரிகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு வரலாறு கூறும் பாடம் தெளிவாகும். சிக்கனம் பந்தியைக் காக்கிறது. சமத்துவம் அதனை வளர்க்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பந்தி நெடுநாள் நில்லாது.

நம் சங்க விழாக்களில் இதனைச் செயலில் காட்டலாம் அன்றோ? பொங்கல் விழாவுக்கு வருவோர் தொகையை முன்னரே கேட்டறிந்து உலை வைத்தல். பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சுவையைப் பெருக்கல். முதலில் சிறிதே பரிமாறி, கேட்போர்க்கு மறுமுறை மனமுவந்து இடுதல். 2018-இல் மராட்டிய அரசு தடைசெய்த பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்றாக வாழையிலையோ பத்ராவளியோ இடுதல். எஞ்சிய உணவைக் கெடுமுன் பசித்தோர்க்குச் சேர்த்தல். வரகும் சாமையும் ஒருநாளேனும் பந்தியில் இடம்பெறச் செய்தல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் உளரோ எனத் தேடிய சத்திரத்தின் வழிவந்தோர் நாம். தமிழரும் மராட்டியரும் ஒருங்கே வளர்த்த அப்பந்தி, அனைவர்க்கும் இடமளித்து, ஒரு பருக்கையும் வீணாகாமல், இனிவரும் தலைமுறைக்கும் நீள்வதாக!